இன்னும் கிழியலையே என்று வைத்திருக்கும் செருப்பு

எங்கள் ஆம்பூர் கடைக்கு வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வந்தார். காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் குதிகாலில் முள் குத்துகிற மாதிரி வலி, நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் விடுகிறது, சாயங்காலம் திரும்பவும் பிடித்துக்கொள்கிறது என்றார். போட்டிருந்த செருப்பை வாங்கி மேசை மேல் வைத்துப் பின்பக்கமாகப் பார்த்தோம். வார் புதுசு மாதிரி இருக்கிறது, ஒரு தையல்கூட விடவில்லை. ஆனால் இரண்டு செருப்பும் வெளிப்பக்கம் சாய்ந்து நின்றன, குதி பதியும் இடம் குழிந்துபோய், கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று இல்லாமல் கட்டையாக இருந்தது. "இன்னும் கிழியலையே தம்பி" என்றார். இதைத்தான் தினமும் கேட்கிறோம், அதனால்தான் இந்த மடல்.

செருப்போ ஷூவோ, முதலில் போவது சோல்தான். உள்ளே இருக்கும் ஃபோமில் பொடிப்பொடியாகக் காற்றறைகள், நாம் மிதிக்க மிதிக்க அவை நசுங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் எழும்புவதே இல்லை. ஓடுவதற்கான ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் வரை என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. அதில் தினமும் 5 கிலோமீட்டர் போகிறவருக்கு நாலைந்து மாதத்தில் அந்தத் தூரம் வந்துவிடும். உடம்பு கனமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்துவிட்டது, ஆனாலும் பண்டிகைக் கூட்டத்தில் எங்கே உட்காருவது? அவர்கள் மாதம் ஒரு தடவை செருப்பை மேசையில் வைத்துப் பார்த்தால் போதும், சாய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

போடாமல் பத்திரமாக வைத்தாலும் கெடும். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை ஐந்தாறு வருஷம் பீரோவில் வைத்திருந்து எடுத்துப் போட்டால், சோல் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. பியூ சோல், அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ஃபோமில் செய்த சோல், காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதையும். அதை ஒட்ட முடியாது. தோல் சோலைத் தைத்துச் செய்த ஷூ என்றால் சோல் மாற்றலாம், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, புதுசு வாங்கும்போது சாயங்காலம் வாருங்கள், அப்போது கால் லேசாக வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. இரண்டு காலிலும் போட்டு, எந்தக் கால் பெரிசோ அதற்கு எடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். ஈரத்துணி மாதிரி முறுக்க வருகிறதா? வேண்டாம். குதியின் பின்சுவர் அழுத்தினால் அமுங்கக் கூடாது. "போடப் போட லூசாகிடும்" என்று யார் சொன்னாலும், எங்கள் பையன்களே சொன்னாலும் நம்பாதீர்கள், தோல் அகலத்தில் கொஞ்சம் இளகுமே தவிர நீளத்தில் இளகாது.

சர்க்கரை இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் கூட இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதம் புண்ணாகாமல் காக்கப் பாடுபட்டார்கள், எம்சிஆர் என்கிற, பொடிக் காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பரில் செய்யும் செருப்பு அந்த வழியில் வந்ததுதான். சர்க்கரையிலும் அப்படி உணர்ச்சி குறைந்த காலுக்குக் கல் குத்துவது தெரியாது, அதனால் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஆறாத புண் இருந்தால் எங்களிடம் வர வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறக்கும்போது "வளர்ற பையன்" என்று இரண்டு சைஸ் பெரிசாக எடுத்தால், ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரலை மடக்கி மடக்கியே நடப்பான். விரல் அகலம் இடம் விட்டு எடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளவு பாருங்கள்.

வரும்போது பழைய செருப்பைப் போட்டுக்கொண்டே வாருங்கள், வீட்டிலேயே விட்டுவிட வேண்டாம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் எதை எடுத்துக் காட்டுவது என்று எங்களுக்குத் தெரியும். இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்றால் அதையும் சொல்லி அனுப்புவோம்.