‘வரலாற்றில் இன்று’ பகுதிக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களில் வரும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியைப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். எனவே, அதில் வரும் தேதி எந்த நாட்காட்டிப்படி, எந்த ஊர் நேரப்படி என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

ஏப்ரல் 23-ஐ எடுத்துக்கொள்வோம். 1616-இல் இதே நாளில் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டஸும் இறந்ததாக, உலகப் புத்தக நாளையொட்டித் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அந்த ஆண்டு அங்கே அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினில் மே 3. செர்வாண்டஸ் ஏப்ரல் 22-இல் இறந்து மறுநாள் அடக்கமானார் என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கணக்கு. ஆக, இரண்டு மரணங்களுக்கும் இடையே 11 நாள்.

பழைய தேதியை மாற்றும்போது பலரும் 13 நாளைக் கூட்டிவிடுகிறார்கள். ரஷ்யப் புரட்சி நடந்த 1917 அக்டோபர் 25, புதிய நாட்காட்டியில் நவம்பர் 7 ஆவது எல்லோருக்கும் மனப்பாடம்; அதையே எல்லா நூற்றாண்டுக்கும் போட்டுவிடுவதுதான் கோளாறு. 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள், அங்கிருந்து 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதன் பிறகுதான் 13. 1700, 1800, 1900 ஆகியவை ஜூலியனில் லீப் ஆண்டுகள், கிரிகோரியனில் அல்ல. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் ஏறிவிடுகிறது. லெனின் பிறந்தது 1870 ஏப்ரல் 10. 12 நாள் கூட்டினால் 22. 13 கூட்டினால் பிறந்தநாளே தவறிவிடும். ஏற்கெனவே மாற்றிய தேதியோடு இன்னொரு முறை கூட்டுவதும் நடக்கிறது.

இங்கிலாந்துத் தேதிகளில் ஆண்டையும் பார்க்க வேண்டும். 1752-க்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டதை அக்கால ஆவணங்கள் 1648 ஜனவரி 30 என்கின்றன. நம் கணக்கில் அது 1649.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னை வீழ்ந்தது ஆங்கிலேயர் குறிப்புகளில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக் குறிப்புகளில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். இரண்டு தேதியிலும் தனித்தனியாக வெளியிட்டால், படிப்பவர் இரண்டு சம்பவம் என்றே நினைப்பார்.

20-ஆம் நூற்றாண்டில் குழப்பம் கடிகாரத்தால் வருகிறது. ஹவாய்த் தீவின் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதல் 1941 டிசம்பர் 7, மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8 என்று அச்சிடுகிறோம். உண்மையில் முந்தியது கோத்தா பாருதான், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல். இடையில் சர்வதேச தேதிக்கோடு இருப்பதால் 8-ஆம் தேதிச் சம்பவம் 7-ஆம் தேதிச் சம்பவத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது. நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி 1969 ஜூலை 20 இரவு 10.56, இந்தியாவில் 21-ஆம் தேதி காலை 8.26.

உடன்படிக்கை என்றால் கையெழுத்தான நாளா, அமலான நாளா என்பதைச் சொல்ல வேண்டும். 1945-இல் ஜெர்மனியின் சரணாகதி பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் மே 7 அதிகாலை கையெழுத்தானது. அமலானது மே 8 இரவு 11.01-க்கு. அதற்குள் மாஸ்கோவில் 9-ஆம் தேதி பிறந்துவிட்டது. ரஷ்யர்கள் வெற்றி நாளை 9-இல் கொண்டாடுவது இதனால்தான்.

இவற்றையெல்லாம் விளக்கி எழுத இடம் இருக்காது என்பது தெரியும். ‘1917 நவம்பர் 7 (பழைய நாட்காட்டியில் அக்டோபர் 25)’, ‘1941 டிசம்பர் 7 (ஹவாய் நேரம்)’ என்று அடைப்புக்குள் போட்டாலே போதும். நள்ளிரவைத் தாண்டிய சம்பவங்களுக்கு இரண்டு தேதியும் தரலாம்: டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு, மூழ்கியது 15 அதிகாலை. எந்த நாட்காட்டி என்று உறுதிப்படாத தேதி வந்தால், அன்றைக்கு அதை விட்டுவிட்டு வேறு நிகழ்வைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்