பாதி கணிதம், பாதி கல்வியியல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தேர்வு முடியட்டும் என்று வைத்திருந்தேன். நேற்றுக் கடைசித் தாளும் முடிந்தது, இன்று காலை முதல் வேலையாக எழுத உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. சின்னவன் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டானா? நான் கடைசியாகப் பார்த்தபோது எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

சரி, பெரியவள் விஷயத்துக்கு வருகிறேன். கணிதத்தையும் கல்வியியலையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்க வேண்டும் என்கிறாள், வீட்டில், "டீச்சர் ஆகணும்னா நேரா அதுக்கே போகலாமே, கணக்குல இவ்வளவு கெட்டிக்காரி எதுக்குப் பாதியாப் படிக்கணும்?" என்கிறார்கள். நான் வேலையை விட்டுவிட்டு இதே படிப்பில் சேர்ந்தபோது என்னிடமும் இதைத்தான் கேட்டார்கள், நினைவிருக்கிறதா? அன்றைக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மூன்று வருடத்தில் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

வீட்டில் இருக்கும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடு. கல்வியியல் என்று பட்டத்தில் இருப்பதாலேயே அது ஆசிரியர் பயிற்சி ஆகிவிடாது. பாடம் நடத்தப் பழக்குவது பயிற்சி. கல்வியியல் அதற்கு முந்தைய கேள்விகளைப் பிடித்துக்கொள்கிறது. ஒருவர் ஒன்றைக் கற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? எதைக் கற்பிக்கலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருத்தி மட்டும் ஏன் பின்தங்குகிறாள்? உளவியல், சமூகவியல், தத்துவம், வரலாறு என்று நாலு பக்கமிருந்தும் இதற்கு விடை தேடுவோம். படித்தபின் வகுப்பறைக்குப் போகலாம், பாடத்திட்டம் எழுதலாம், ஆய்வுக்குப் போகலாம். பள்ளியில் ஆசிரியராக வேண்டுமென்றால் பெரும்பாலும் பட்டம் முடித்தபின் தனியாகப் பயிற்சி எடுக்கத்தான் வேண்டும். பயிற்சியும் உள்ளேயே அடங்கிய பட்டங்களும் உண்டு. தான் சேரப்போவது எது என்று அவள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

முதல் வருடத்தில் படித்த ஒன்றை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டேன் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் எழுதியது. பள்ளிப்படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரத்தை ஆசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து கழித்துவிடுகிறார் என்று கணக்குச் சொல்கிறார். அதனால்தான் ஆசிரியர் வேலை நம் எல்லோருக்கும் தெரிந்த வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் நாம் பார்த்ததெல்லாம் அவர் செய்ததை மட்டும்தான். அந்த உதாரணத்தை ஏன் எடுத்தார், ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார் என்பது நம் கண்ணில் பட்டதே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வியும் இந்த 13,000 மணி நேரத்திலிருந்து வருவதுதான். அவர்கள் மேல் கோபப்படாதே.

அப்புறம், உன் உண்மையான கேள்வி: இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் ஒரு பள்ளிக்கு வகுப்பைக் கவனிக்கப் போயிருந்தேன். பின்வரிசையில் ஒரு சிறுமியின் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். நோட்டில் 8 + 4 = □ + 5 என்று ஒரு கணக்கு. அவள் கட்டத்துக்குள் 12 என்று எழுதினாள், தயங்கவே இல்லை. அப்புறம் அந்த 5-ஐப் பார்த்தாள். பென்சில் முனையை அதன்மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். கடைசியில் வரியின் ஓரத்தில் இன்னொரு சமக்குறி போட்டு 17 என்று எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எட்டும் நாலும் பன்னிரண்டு, அதோடு ஐந்து சேர்ந்தால் பதினேழு. கூட்டலில் ஒரு பிசகும் இல்லை.

அன்றைக்கு நான் பார்த்தது தற்செயல் இல்லை என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் இதே கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கொடுத்து, 1999-இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றுதான் சொன்னார்கள். சரியான விடையான 7-ஐ ஒருவர்கூடச் சொல்லவில்லை. கூட்டத் தெரியாமல் இல்லை. '=' என்றால் 'இப்போது விடையை எழுது' என்று அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள். வருடக்கணக்காக அவர்கள் பார்த்த கணக்குகளில் சமக்குறிக்கு அப்புறம் விடையைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. பிறகு வேறெப்படிப் புரியும்?

அந்த வாரம் முழுக்க எனக்குக் கணிதத் துறையில் வேறு பாடம்: சமானத் தொடர்பு. ஒன்று தனக்குத்தானே சமம், அ, ஆ-வுக்குச் சமமானால் ஆ, அ-வுக்குச் சமம், இப்படிப் போகும். கரும்பலகையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பென்சில் முனைதான் கண்முன் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே எடை என்பது எவ்வளவு ஆழமான எண்ணம், அதை எவ்வளவு சாதாரணமாக ஒரு சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம்! கணிதம் மட்டும் படித்திருந்தால் அந்தச் சிறுமியைக் கவனித்திருக்க மாட்டேன். கல்வியியல் மட்டும் படித்திருந்தால் அவள் எதைத் தவறவிட்டாள் என்பதன் கனம் எனக்குத் தெரிந்திருக்காது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் தனியாக ஓர் அறிவு இருக்கிறது என்று லீ ஷுல்மன் என்ற கல்வி உளவியலாளர் 1986-இல் வாதாடினார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று, இந்தப் பாடத்தில் கற்பவர் எங்கே இடறுவார், எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று தெரிவது மூன்றாவது.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு துறைக்கும் நீ பாதி ஆள். முதல் வருடம் ஒரு கணித லெக்சரும் கல்வியியல் கலந்துரையாடலும் ஒரே நேரத்தில் வந்தன. இந்த அலுவலகத்தில் கேட்டால் அங்கே போ என்றார்கள், அங்கே போனால் இங்கே. அது சரியாவதற்கு ஆறு வாரம் ஆயிற்று. இரண்டு பக்கத்து அசைன்மென்டும் ஒரே வாரத்தில் விழும். ஒரு துறையின் நெருக்கடி இன்னொரு துறைக்குத் தெரியாது. கணிதத்தில் எனக்குப் பிடித்த இடவியலை எடுக்கவே முடியவில்லை, கிரெடிட் மிச்சமில்லை. பிற்காலத்தில் தூய கணிதத்தில் ஆராய்ச்சி செய்யும் ஆசை அவளுக்கு இருந்தால் இந்த இழப்பு பெரிதுதான். அதை அவள் இப்போதே யோசிக்க வேண்டும்.

எனக்கு ரொம்பக் கடினமாக இருந்தது எழுத்து. கணிதத்தில் ஒரே ஒரு எதிர்க்காட்டு, அதாவது கூற்றுக்குப் பொருந்தாத ஓர் உதாரணம், போதும், கூற்று அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் முதல் கல்வியியல் கட்டுரையை எழுதி, மதிப்பெண் குறைந்து வந்தது. மனிதர்களைப் பற்றிய ஒரு முடிவை, "எனக்குத் தெரிந்த ஒருத்தர் அப்படி இல்லையே" என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. எத்தனை பேரைப் பார்த்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள், எதை அளந்தார்கள் என்று எடைபோட்டுப் பார்த்துத்தான் பேச வேண்டும். எனக்கு அது பழக ஒரு வருடம் பிடித்தது.

அப்படியிருந்தும் ஒரே ஒரு பையனைப் பற்றிய ஆய்வுதான் என் மனதில் நிற்கிறது. ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973-இல் வெளியிட்டது. பென்னி என்று அதில் பெயர், வயது 12. ஒவ்வொருவரும் தன் வேகத்தில் தாளை நிரப்பி, தேர்வு எழுதி, அடுத்த படிக்குப் போகும் திட்டத்தில் படித்தவன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தான், வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரர்களில் ஒருவன் என்று ஆசிரியரே நினைத்திருந்தார். எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசினார். 2/10-ஐத் தசமத்தில் எழுது என்றால் 1.2 என்கிறான். 5/10 என்றால் 1.5. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டி நடுவில் புள்ளி வைக்கிறான், அவ்வளவுதான்! 4/11-க்கும் 11/4-க்கும் அவனிடம் ஒரே விடை, 1.5. தானே கட்டிக்கொண்ட விதிகள், ஒவ்வொன்றுக்கும் அவனிடம் காரணம் இருந்தது. அதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை. 'தேர்வில் தேறினால் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்' என்ற கூற்றுக்குப் பென்னி ஓர் எதிர்க்காட்டு. ஒருவன் போதும், முடிந்தது. என் இரண்டு துறைகளும் அந்த ஒரு பையனிடம் கைகுலுக்கிக்கொண்டது மாதிரி இருந்தது. என் கடைசி வருட ப்ராஜெக்டும் அங்கிருந்துதான் கிளம்பியது. தசமப் புள்ளியைப் பற்றிப் பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொள்ளும் விதிகள். 11 பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்தேன். 0.35 பெரிதா 0.4 பெரிதா என்று கேட்டால், 35 பெரிதல்லவா என்று நியாயமாகக் கேட்பவர்கள் அவர்களில் உண்டு. இதை எழுதும்போது என்னை மேற்பார்த்தவர்கள் இரண்டு துறையிலிருந்தும் ஒவ்வொருவர். மூன்று வருடத்தில் முதல்முறையாக அன்றைக்குத்தான் பாதி ஆள் என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் போனது.

என் செய்தி இவ்வளவுதான். ரிசல்ட் வந்ததும் பயிற்சிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். இந்த வயதில் வகுப்பறையா என்று நீயாவது கேட்க மாட்டாய் என்று தெரியும்.

பெரியவள் சேருமுன் மூன்று விஷயத்தை விசாரிக்கட்டும். இரண்டு பாடமும் சரிபாதியா, முக்காலும் காலுமா? கடைசி வருட ப்ராஜெக்டை இரண்டையும் சேர்த்துச் செய்ய விடுவார்களா? பள்ளிக்குள் போய்ப் பார்க்கும் வாய்ப்பு உண்டா, எந்த வருடத்தில்? இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் வேறு பல்கலைக்கழகம் பார்க்கச் சொல்வேன். சேர்த்துப் படிப்பதன் ருசியே அங்கேதான்.

அதற்கும் முன்னால் ஒன்று. சின்னவனிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுக்கச் சொல் அவளை. அவன் என்ன எழுதினாலும் திருத்த வேண்டாம். எப்படி வந்தது என்று மட்டும் கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருக்கட்டும். பிறகு அவள் என்ன செய்தாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி