பூநாரைகளைத் துரத்திப் படம் எடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை விழுந்து மன்னாரில் எங்கள் வங்காலைப் பக்கம் தரவையில், அதாவது கடலோரத் திறந்த வெளியில், தண்ணீர் நிற்கத் தொடங்கினால், உங்கள் பத்திரிகையிலும் பூநாரைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். எங்கள் ஊர்ப் பெயரோடு அவற்றைப் பார்ப்பது பெருமைதான். ஆனால் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கிற படங்களைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை. அவற்றில் பல எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை நேரில் பார்க்கிறவன் நான். பறவை பார்க்க வருகிறவர்களைக் காலை முதல் மாலை வரை கூட்டிக்கொண்டு திரிவது என் தொழில்.

விடியும்போது முருங்கன் பக்கம் கட்டுக்கரைக்குளத்தில் தொடங்குவோம். வெயில் ஏறுமுன் தள்ளாடி தாண்டி வங்காலைச் சரணாலயத்துக்கு வந்துவிட வேண்டும். காலையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு மேற்கே பார்த்தால்தான் நிறம் தெரியும். பின்னேரம் தலைமன்னார்க் கரையில் ஆலாக்களையும், அதிர்ஷ்டம் இருந்தால் நண்டுதின்னி என்ற கரைப்பறவையையும் பார்க்கலாம். இதில் வங்காலைதான் பெரிய இடம். 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் அங்கே ஆயிரக்கணக்கில் இறங்கும்.

அந்தச் சரணாலயத்துக்கு வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. வீதியோரம் வான் வண்டியை நிறுத்தி இறங்கினால் சரணாலயம்தான். பறவைக்கும் கமராவுக்கும் நடுவில் நிற்கிற ஒரே ஆள் வழிகாட்டி.

பூநாரை மேயும்போது தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றுநீரை வடித்துத் தின்னும். ஆள் கிட்ட வந்தால் முதலில் கரையோரம் நிற்கிறதின் கழுத்து நிமிரும். பிறகு பக்கத்தில் உள்ளது. அப்படியே ஒவ்வொன்றாகக் கூட்டம் முழுவதும் நிமிர்ந்து, மெல்ல எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கும். முதல் கழுத்து நிமிர்ந்த இடத்திலேயே நாம் நின்றுவிட வேண்டும். நின்றால், சற்று நேரத்தில் தலை மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். ஸ்கோப்பை, அதாவது முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியை, அங்கேயே ஊன்றினால் அலகு நுனியின் கறுப்பு வரை தெரியும். கிட்டப் போக வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் படம் எடுக்க வருகிற சில குழுக்கள் அப்படி நிற்பதில்லை. சேற்றில் இறங்கி நடக்கிறார்கள், கை தட்டுகிறார்கள். இப்போது ட்ரோனும் வந்துவிட்டது. மேலே ஒன்று வட்டமிட்டால் வாத்துகள் பருந்து என்றே எண்ணி எழும்பும். கூட்டி வந்தவர் காசு கொடுத்தவர்களை மறிக்கத் தயங்கிப் பேசாமல் நிற்கிறார். அவருக்கு நாளைக்கு வேறு ஊர். பறவைக்கு அதே தரவை.

இங்கே வரும் பறவைகள் சும்மா வந்து போகிறவை அல்ல. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி விட்ட ஒரு கடற்காகம் 2021இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய், அதே ஆண்டு மன்னாருக்கே திரும்பி வந்தது. அவ்வளவு தூரம் பறக்க உடம்பில் கொழுப்பு வேண்டும். மாசி, பங்குனியில் அது இங்கேதான் சேர வேண்டும். எங்களுக்கு ஒரு நல்ல படம் கிடைக்கிற அந்த நிமிடத்தில் பறவைக்கு மேய்ச்சலும் போகிறது, சேர்த்த கொழுப்பும் எரிகிறது. ஆகவே, அனுப்பப்படும் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிரசுரியுங்கள்.

வலையோடு தண்ணீரில் இறங்கும் எங்கள் ஊர்ச் சனத்தைப் பார்த்துப் பறவைகள் அவ்வளவாக மிரளுவதில்லை. மெதுவாக, ஒரே சீராக நடப்பார்கள், பறவையை நேரே நோக்கிப் போகமாட்டார்கள். வாடை பலமாக அடித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்கும், அன்றைக்குக் கூட்டம் எங்கே மேயும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பறவையின் ஆங்கிலப் பெயரை ஒரு பருவத்தில் படித்துவிடலாம். இதை அப்படிப் படிக்க முடியாது. அப்படியிருந்தும் தெற்கிலிருந்து வருகிற வான்களில் வழிகாட்டியும் அங்கிருந்தே வருகிறார், சாப்பாட்டுப் பார்சலும் அங்கிருந்தே வருகிறது.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அதற்கான பயிற்சியை ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் மன்னாரிலேயே, தமிழிலேயே நடத்த வேண்டும். வனசீவராசிகள் திணைக்களம் அதில் வந்து, எங்கே நிற்கலாம், எங்கே இறங்கக்கூடாது என்பதை இடத்தைக் காட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வங்காலையிலும் விடத்தல்தீவிலும் விண்ணப்பிக்க ஆட்கள் உண்டு. படிவத்தைப் பிரதேச செயலகத்தில் கிடைக்கச் செய்தால் போதும்.

இப்படிக்கு,
பறவை வழிகாட்டி ஒருவர்,
வங்காலை, மன்னார்.