பெருக்காத மூலையில்தான் மண்புழு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு பூங்கா நன்றாக இருக்கிறதா என்பதைப் புல்லின் பச்சையைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். பச்சைக்கு உரமும் தண்ணீரும் போதும். மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், நான் நடக்கப் போகும் பூங்காவில் பேத்தியோடு மண்புழுத் தடம் தேடினேன். மண்வெட்டி எடுத்துப் போகவில்லை. புழு கழித்துப் போட்ட மண்தான் முதல் அடையாளம். பற்பசையைப் பிதுக்கினாற்போல் சுருண்டு, ஈரமாக, சிறு உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கும். எறும்புப் புற்று என்று நினைத்து மிதித்துப் போகிறவர்களே அதிகம். எறும்பு கொட்டிய மண் துளையைச் சுற்றி உதிரியாகக் கிடக்கும், ஊதினால் பறக்கும். இது அசையாது. பேத்தி ஊதி ஊதியே இரண்டையும் பிரித்துக் காட்டினாள்.

அடுத்தது, துளைக்குள் பாதி இழுபட்டு, நட்டுவைத்தாற்போல் நிற்கும் சருகு. எல்லாப் புழுவும் இப்படிச் செய்யாது. செய்கிறவை பெரும்பாலும் இலையின் கூர்முனையைப் பிடித்துத்தான் இழுக்கின்றன என்பதை டார்வின் பொறுமையாகச் சோதித்து 1881-ல் எழுதினார். காற்றில் வந்த இசையைச் சட்டை செய்யாத புழுக்கள், தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்துக் கட்டையை அழுத்தியதும் வளைக்குள் ஒளிந்துகொண்டன என்பதும் அவர் கண்டதுதான். (ஆகவே, தேடப் போகிறவர்கள் மெல்ல நடக்கவும்.)

பெருக்கி, ரோலர் ஓட்டி இறுக்கிய நடுப் புல்வெளியில் ஒரு தடம்கூட இல்லை. சுவரோரம் யாரும் கண்டுகொள்ளாத சருகை விரலால் விலக்கியதும் நாலைந்து நெளிந்தன. ஒன்றுக்குக் கழுத்தருகே பட்டை தடித்திருந்தது, வளர்ந்த புழு. உடனே மூடிவிட்டோம். தோலால் மூச்சு விடும் உயிர், வெயிலில் காய்ந்தால் தாங்காது.

ஒருநாள் கண்ணில் படவில்லை என்பதற்காக மண் செத்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம். வறண்ட காலத்தில் சில வகைகள் ஆழத்தில் முடிச்சுப்போல் சுருண்டு கிடக்கும். மண்புழு எங்கும் நல்லதே செய்யும் என்பதும் இல்லை. வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில், வெளியிலிருந்து வந்த புழுக்கள் சருகுப் படுகையைத் தின்று தீர்த்து, அதை நம்பியிருந்த செடிகளைத் தவிக்க விடுகின்றன. நம் பூங்காக்களில் சருகு மிஞ்சினால்தானே அந்தக் கவலை!

மரத்தடிச் சருகை விட்டுவையுங்கள், புழு மண்ணைக் குப்பை என்று வாராதீர்கள். பராமரிப்பவர்களிடம் இவ்வளவையும் நேரில் சொல்லலாம் என்று மறுவாரம் போனேன். அந்தச் சுவரோரத்தையும் சுத்தமாகப் பெருக்கி, சருகை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்