'3 கிலோ 100 ரூபாய்' போர்டு எங்கே போனது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடை வாசலில் தொங்கிய '3 கிலோ தக்காளி 100 ரூபாய்' போர்டைக் கழற்றியதிலிருந்து தினமும் கேள்விதான். "வியாபாரம் டல்லா?" என்கிறார் ஒருவர். "விலையை ஏத்தப் போறீங்களா?" என்கிறார் இன்னொருவர். கூட்ட நேரத்தில் கல்லாவில் நின்றுகொண்டு பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதில் இதோ.

கிலோ 40 ரூபாய் விற்கும் நாளில் மூன்று கிலோவை 100 ரூபாய்க்கு வாங்கினால் 20 ரூபாய் மிச்சம். சரி. ஆனால் மதுரை வெயிலில் நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதில் ஒரு கிலோ இளகிக் குப்பைக்குப் போனால், சாப்பிட்ட இரண்டு கிலோவை நீங்கள் கிலோ 50 ரூபாய்க்கு வாங்கியதாக அர்த்தம். அரை அரைக் கிலோவாக 40 ரூபாய் விலையில் வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரர்தான் லாபக்காரர். மெஸ் நடத்துபவர்களுக்கும் விசேஷ வீட்டுக்காரர்களுக்கும் மொத்த விலை எப்போதும் போல உண்டு. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு அந்த போர்டு தேவையில்லை என்பது எங்கள் முடிவு.

'இதில் கடைக்காரனுக்கு என்ன லாபம்?' என்று தோன்றும். லாபம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பெரிய பையோடு வருகிறவரைவிட மூன்று முறை சின்னப் பையோடு வருகிறவரால்தான் எங்களுக்குக் காய் தேங்காமல் ஓடுகிறது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் போனது. ஹோட்டல்களையும் கடைகளையும் சேர்த்தாலும் மீதி 40 சதவீதம்தான். நம் நாட்டு வீடுகளுக்கு அவர்கள் போட்ட மதிப்பு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 600 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். தோல், கொட்டை, எலும்பு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையும் அதில்தான் வரும். நாம் குறைக்க வேண்டியது சாப்பிட்டிருக்கக்கூடிய பங்கை மட்டும்.

அந்தப் பங்கில் கொசுறுக்கும் இடம் உண்டு. காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு தண்டு மல்லியும் பையில் விழ வேண்டும். அது உங்கள் உரிமை, அதில் நாங்கள் கை வைக்கவில்லை. இனிமேல் "வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போடுவோம், அவ்வளவுதான். போன வாரத்துக் கொத்து ஃபிரிட்ஜில் கறுத்துக் கிடக்கும்போது இன்னொன்று எதற்கு?

கறிவேப்பிலையைக் கெடுப்பது ஈரம். கொத்திலிருந்து உருவி, துணியில் பரப்பி ஈரம் போனதும் மூடி உள்ள டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேலும் பச்சையாக இருக்கும். மல்லிக்கு வேர் இருந்தால் டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, மேலே ஒரு கவரைத் தளர்வாகக் கவிழ்த்து உள்ளே வைத்துவிடலாம். தண்டைக் கிள்ளி எறியாதீர்கள், ரசத்துக்கு அதுதான் வாசம்.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் திணிப்பதும் தப்பு. உருளைக்கிழங்கு குளிரில் இருந்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிக்கும், வறுத்தால் சீக்கிரம் கறுக்கும். வாழைப்பழத்துக்குத் தோல் கறுத்துவிடும். அரைக் காயாக உள்ள தக்காளி வெளியிலேயே பழுக்கட்டும். நன்றாகப் பழுத்த பிறகு, உடனே செலவாகாது என்றால் மட்டும் உள்ளே வையுங்கள். வாழைப்பழமும் தக்காளியும் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரையோ வெள்ளரியோ இருந்தால் சீக்கிரம் மஞ்சள் அடித்துவிடும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் கொட்டாதீர்கள். இரண்டுக்கும் இருட்டும் காற்றும் வேண்டும், ஆனால் தனித்தனிக் கூடைகளில்.

தேங்காய் உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் செலவழியுங்கள், அதுதான் முதலில் கெடும். இப்போது ஒற்றை மூடியும் விற்கிறோம். பூசணி, பரங்கி கீற்றாகவும் கோஸ் பாதியாகவும் கிடைக்கும். ஒரே ஒரு கேரட், ஒரு விரல் இஞ்சி கேட்டாலும் முகம் சுளிக்காமல் எடை போடுவோம். அப்படி யாராவது சுளித்தால் கல்லாவில் சொல்லுங்கள்.

மளிகைப் பக்கமும் ஒரு வார்த்தை. பாக்கெட்டில் 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்று போட்ட தேதி தாண்டினால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசியும் தரமும் குறையாமல் இருக்கும் காலம். அது முடிந்த மறுநாளே பொருள் நஞ்சாகிவிடாது. ரவையை வாங்கியதும் லேசாக வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டால் அவ்வளவு எளிதில் வண்டு வராது.

மிச்சத்தை என்ன செய்வதென்று உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. மிஞ்சிய குழம்பைச் சுண்டவைப்பதும், பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைப்பதும், புளித்த மாவில் பணியாரம் ஊற்றுவதும் எங்களுக்கு உங்களிடமிருந்து வந்த பாடம்தான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: சிக்கனம் என்ற பெயரில் கெட்டதைச் சாப்பிட வேண்டாம். சமைத்த சோற்றை மணிக்கணக்கில் வெளியில் வைத்திருந்தால் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமி அதில் நஞ்சை உண்டாக்கலாம். மறுபடி சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் சூடு தணிந்ததுமே, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையும் அப்படித்தான், வறுத்துத் தப்பிக்க முடியாது. தோல் பச்சை ஓடிய உருளையும் வேண்டாம். எங்கள் கடையில் வாங்கியதென்றால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

கடைசியாக, இரவு 8 மணிக்கு மேல் நன்றாகக் கனிந்த தக்காளியும் பழமும் தனிக் கூடையில் பாதி விலைக்கு இருக்கும். அன்றைக்கே தொக்கு கிண்டப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மலிவாக இருக்கிறதே என்று எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களுக்கு அந்தக் கூடை இல்லை!

விசேஷத்துக்கு மொத்தக் காய் வேண்டுவோர் முதல் நாள் மாலை 6 மணிக்குள் சொல்லிவிடுங்கள். எத்தனை இலை விழும் என்பதையும் சொன்னால் அளவு பார்த்து எடுத்து வருவோம். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு எங்கள் வண்டி விடியற்காலையிலேயே கிளம்பிவிடும்.

அன்புடன்,
உங்கள் காய்கறி, மளிகைக் கடை
மதுரை