சுன்னத் முகாம் படிவத்தில் இல்லாத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சுன்னத் குறித்து வந்த இரண்டு கட்டுரைகளையும் படித்தேன். குழந்தையின் உடல் குழந்தைக்கே சொந்தம் என்கிறார் ஒருவர். எய்ட்ஸைத் தடுக்கும், புற்றுநோயைத் தடுக்கும் என்று பட்டியல் போடுகிறார் மற்றவர். ரத்தம் நிற்காத பிள்ளையைப் பற்றி இருவருமே ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் வீட்டில் அப்படி இரண்டு பிள்ளைகள் இருந்ததால் இந்தக் கடிதம்.

எனக்குச் சுன்னத் நடந்தது கீழக்கரையில், ஏழு வயதில். புதுச் சட்டையும் மாலையும் போட்டுக் கவிழ்த்த உரலின் மேல் உட்கார வைத்தார்கள். பின்னாலிருந்து மாமா கைகளைப் பிடித்துக்கொண்டார். ஒஸ்தாவின் (ஊரில் சுன்னத் செய்துவிடுபவர்) கத்தி எப்போது பட்டது என்பது தெரியாது. மரத்துப்போக ஊசி கிடையாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதன்பின் பத்து நாள் படுக்கை. விட்டத்திலிருந்து கயிறு தொங்கவிட்டுக் கைலியின் நடுவை அதில் முடிந்து, புண்ணில் துணி படாதபடி கூடாரம்போல் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் முட்டையும் காசும் கொடுத்தார்கள். வலியைவிட அந்தக் காசை எண்ணி எண்ணித் தலையணைக்கடியில் வைத்ததுதான் இன்றைக்கும் துல்லியமாக நினைவிருக்கிறது.

அதே வீட்டில், நான் பிறப்பதற்கு முன்பே, உம்மாவின் தம்பிக்கும் சுன்னத் செய்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டார், இறந்துபோனார். கண்ணூறு, கண் திருஷ்டி என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

பல வருடம் கழித்து என் லாத்தா (அக்கா) மகனுக்கு ஒரு கோடை விடுமுறை முகாமில் செய்தோம். இந்த முறை உரல் இல்லை, ஒஸ்தா இல்லை. படித்த மருத்துவர், மரத்துப்போக ஊசி, கையுறை, தையல் எல்லாம் இருந்தன. இரவில் கட்டு நனைந்தது. மாற்றினோம். மறுபடி நனைந்தது. ராமநாதபுரம் போய், அங்கிருந்து மதுரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பையன் வெளுத்துவிட்டான். ரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி அவன் உடலில் மிகக் குறைவு, ஹீமோபிலியா என்றார்கள். "தாய் வழியில் யாருக்காவது இப்படி உண்டா?" என்று அந்த மருத்துவர் கேட்டபோதுதான் உம்மா தன் தம்பியைப் பற்றி வாய் திறந்தார். அந்தக் கண்ணூறுக்கு அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். அதன் பிறகு இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என்னை உலுக்கியது யூதர்களின் தல்மூத் என்னும் பழைய மார்க்க நூலில் இருக்கும் ஒரு செய்தி. கலிலேயாவின் செப்போரிஸ் ஊரில் நான்கு சகோதரிகள். மூத்தவள் மகன் விருத்தசேதனத்தில் இறந்தான். இரண்டாமவள் மகனும் இறந்தான். மூன்றாமவள் மகனும் அப்படியே. நான்காமவள் ரப்பி சிமியோன் பென் கமாலியேலிடம் வந்து நின்றாள். உன் மகனுக்குச் செய்யாதே என்று சொல்லிவிட்டார் அவர். எட்டாம் நாள் செய்தே ஆக வேண்டும் என்று ஆதியாகமம் கட்டளையிடும் மார்க்கத்தில், இரண்டாம் நூற்றாண்டில், ரத்தம் நிற்காத குறை தாய்வழியில் வருவதைக் கவனித்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம்மிடமும் விலக்கு இல்லாமல் இல்லை. நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) சுன்னத் வாஜிப், அதாவது கடமைதான். ஆனாலும் உயிருக்கு ஆபத்து என்றால் கடமை நீங்கும் என்று ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்ட நூல்கள் சொல்கின்றன. விலக்கு தேவையா என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

முதல் கட்டுரையாளர் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்காட்டியிருந்தார். அந்த வழக்கு எப்படித் தொடங்கியது என்பதை விட்டுவிட்டார். நான்கு வயது முஸ்லிம் சிறுவனுக்கு 2010 நவம்பரில் சுன்னத் நடந்தது, இரண்டு நாள் கழித்து ரத்தக் கசிவோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்துதான் வழக்கு. 2012 மே மாதம் நீதிமன்றம் இது உடற்காயம் என்றது, மருத்துவரையோ விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம் 434-க்கு 100 என்ற வாக்கில், மருத்துவ முறைப்படி செய்தால் பெற்றோர் அனுமதிக்கலாம் என்று சட்டம் இயற்றியது. உரிமை, மதம், யூத வரலாறு என்று ஐரோப்பா முழுக்க ஆறு மாதம் பேசித் தீர்த்தார்கள். அந்தக் கசிவு ஒரு மூலைக்குப் போய்விட்டது. நம் பக்கத்தில் 2023-இல் பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்யத் தடை கோரி ஒரு பொதுநல மனு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது, தள்ளுபடியானது. தடை வந்தாலும் எங்கள் ஊரில் சுன்னத் நிற்காது. மருத்துவர் விலகிக்கொள்வார், பரணிலிருந்து உரல் இறங்கும்.

இரண்டாவது கட்டுரையாளர் என் கட்சிக்காரர்தான், ஆனால் அவர் மீதுதான் எனக்கு அதிகக் கோபம். அவர் சொல்லும் எய்ட்ஸ் ஆய்வுகள் தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்தவை. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது உண்மை. அதை வைத்து 2007-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததும் உண்மை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டுத் தாமாக முன்வந்தவர்கள் விவரம் தெரிந்த இளைஞர்களும் ஆண்களும். நோய் தலைவிரித்தாடிய இடங்கள் அவை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? 2010-இல் நெதர்லாந்து மருத்துவர் சங்கம் வேண்டாம் என்றது. 2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு நன்மையே அதிகம் என்றது, எல்லோருக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டது. நாளைக்கு ஒரு நன்மையும் இல்லை என்று நிரூபணமானால் நாம் விட்டுவிடுவோமா? மாட்டோம். இப்ராஹீம் நபியின் வழி என்பதால் செய்கிறோம். அதை நேராகச் சொல்வதில் என்ன கூச்சம்?

என்னைக் கேட்டுச் செய்தார்களா என்றால், இல்லை. என் மகனையும் நான் கேட்கவில்லை. முதல் கட்டுரையாளரின் அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த ஆண்டு முகாம் படிவம் ஒன்று என் முன்னால் இருக்கிறது. பெயர், வயது, தகப்பனார் பெயர், மஹல்லா, செல்பேசி எண். கீழே, புதுக் கைலி கொண்டுவரவும். முகாம் நடத்தும் ஜமாஅத்துகள் இதில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: பல் விழுந்தபோதோ காயம்பட்டபோதோ பிள்ளைக்கு ரத்தம் நிற்கத் தாமதமானதா? தாயின் சகோதரர்களிலோ, தாயின் சகோதரிகள் பிள்ளைகளிலோ யாருக்காவது அப்படி நேர்ந்ததா? ஆம் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. வீட்டில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் இந்த நோய் வரும் என்பதால், முகாம் முடிந்த இரவில் அழைத்தால் எடுக்கும் ஒரு மருத்துவரின் எண்ணும் படிவத்தில் இருக்கட்டும். தகப்பனார் பெயருக்குக் கீழே நிறைய இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
கீழக்கரை வாசகர்
(லாத்தா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவனை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)