எதின்ட வீதம் எண்டு முதல் கேள்

மகன், நீ வாட்ஸ்அப்பில அனுப்பின கணக்கெல்லாம் நேத்து கடை பூட்டினாப் பிறகு ஆறுதலா இருந்து பாத்தனான். கூட்டல் பெருக்கல் ஒண்டும் பிழைக்கேல்ல, மேற்படிப்புக்கு நீ எழுதப்போற ஜீ.ஆர்.ஈ. சோதனையில கல்குலேட்டரும் திரையிலயே தருவாங்கள், அதால அந்தப் பயம் எனக்கில்ல. நீ பிழைக்கிற இடம் எல்லாத்திலயும் ஒண்டுதான், எதின்ட வீதம் எண்டு பாக்காமலே எழுதத் தொடங்கிடுறாய்.

இங்க இலங்கையில 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15இல இருந்து 18 வீதமானது தெரியுந்தானே. அதை 3 கூடினது எண்டும் சொல்லலாம், 20 வீதம் கூடினது எண்டும் சொல்லலாம், ஏனெண்டா 15இல 3 எண்டது அஞ்சில ஒண்டு. ஆனா சாமான் வாங்குற ஆளின்ட பொக்கற்றைப் பார், வரி இல்லாம 100 ரூபாச் சாமானுக்கு 115 குடுத்தவர் இப்ப 118 குடுக்கிறார், 3ஐ 115ஆல பிரிச்சா 2.6 வீதந்தான். மூண்டும் சரியான விடை, ஆனா மூண்டும் வேற வேற கேள்விக்கு. சோதனையில இப்பிடி மற்றக் கேள்வியின்ட விடையையும் பக்கத்திலயே போட்டு வைப்பாங்கள், அவசரத்தில கண் அதிலதான் போகும்.

அந்த சேட்டுக் கணக்கும் அதேதான். 20 வீதக் கழிவு போக 4,800 ரூபா, முதல் விலை என்ன எண்டதுக்கு நீ 4,800இன்ட 20 வீதத்தைக் கூட்டி 5,760 போட்டிருக்கிறாய். கழிவு போட்டது முதல் விலையிலயடா, 4,800இல இல்ல. 4,800 எண்டது முதல் விலையின்ட 80 வீதம், 0.8ஆல பிரி, 6,000 வரும். 20 வீதம் குறைஞ்சதைத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர 25 வீதம் கூட்டவேணும், யாவாரம் செய்யுற எங்களுக்கு இது நல்லாத் தெரியும், 20 கூட்டி வைச்சுப்போட்டு 20 கழிவு குடுத்தா கைக்கு வாறது 96 வீதந்தான்.

விகிதத்தில மாறாத பக்கத்தைப் பிடி. பெடியள் பெட்டையள் 3:4, 6 பெடியள் புதுசா வந்து சேர 9:10 ஆகுது. பெட்டையள் மாறேல்ல, அப்ப ரெண்டிலயும் அவையின்ட பங்கை 20 ஆக்கு, 15:20, பிறகு 18:20. கூடின 3 பங்குதான் அந்த 6 பேர், ஒரு பங்குக்கு 2 பேர், அப்ப முதல்ல 30 பெடியள் 40 பெட்டையள். எக்ஸ் வை ஒண்டும் தேவையில்ல.

சோதனையின்ட கணக்குப் பகுதியில ரெண்டு செக்சனுக்கும் சேத்து 27 கேள்விக்கு 47 நிமிஷம், ஒண்டுக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்ல, அதால இழுபடுறதை மார்க் பண்ணிப்போட்டு அடுத்ததுக்குப் போ, அந்த செக்சன் முடிய முதல் திரும்பி வந்து பாக்கலாம். பிழை விடைக்கு புள்ளி குறைக்க மாட்டாங்கள், ஒண்டையும் வெறுமையா விட்டுட்டு வராத.

அடுத்த கணக்குகளை அனுப்பேக்க விடையை மட்டும் அனுப்பாம செய்த வழியையும் படம் எடுத்து அனுப்பு, போயா லீவில இருந்து பாக்கிறன். அம்மா சுகம், நீ இரவில நேரத்துக்குச் சாப்பிடுறியோ எண்டு கேக்கச் சொன்னவ.

அப்பா
வெள்ளவத்தை